பெரிய அரங்கம்: பராமரிப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தில் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு இருபத்தாறு அறிவிப்புப் பலகைகளில் ஒரு மஞ்சள் தாள் ஏறும். 'இந்த வார நிகழ்ச்சிகள்' என்று மேலே தடித்த எழுத்தில் இருக்கும். ரத்ததான முகாம், சதுரங்கப் போட்டி, பழைய புத்தகப் பரிமாற்றம், வெளியூர்ப் பேராசிரியரின் உரை என்று எல்லாம் அதில் வந்துவிடும். எந்த அறை, எத்தனை மணி, யார் பேசுகிறார், எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் சாட்சி. அதில் வராத நிகழ்ச்சி நடந்தாலும் நடக்காத மாதிரிதான்.

அதைத் தயாரிப்பவர் பட்டியலக்கா. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். துணைவேந்தரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவர் பட்டியலக்காதான். நான் மைக் வைப்பவன். எனக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று பேர். அவர்கள் வயர் சுற்றும் அழகைப் பார்த்தால், மொத்த வளாகத்துக்கும் நான் ஒருவன்தான் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

அக்காவுக்கு ஒரு வேலை முறை உண்டு. அரங்கம் கேட்டு யார் படிவம் கொண்டுவந்தாலும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்பார். "முந்நூறு பேர்" என்று அவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். அக்கா தலையாட்டிவிட்டு மனசுக்குள் வகுப்பார். மாணவர் சங்கம் என்றால் இரண்டால், பேராசிரியர் என்றால் மூன்றால், புலத் தலைவர் என்றால் ஐந்தால். வரும் எண்ணுக்குப் பொருத்தமான அறையைக் கொடுப்பார். முதலில் எல்லோருக்கும் கோபம் வரும். நிகழ்ச்சியன்று அறை நிரம்பி, ஓரத்தில் நாலு பேர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்துபோய் அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படியும் கூட்டம் குறைந்தால் அக்காவிடம் ஒரு படை உண்டு. கேன்டீன்காரர், தோட்டக்காரர், ஷிப்ட் முடிந்த டிரைவர்கள். "உள்ள ஏசி இருக்கு, போய் உக்காருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அணுக்கரு இயற்பியலையும் ஆதிமனிதனின் பல் வரிசையையும் பற்றி எங்கள் கேன்டீன்காரர் கேட்ட அளவுக்கு எந்த மாணவனும் கேட்டிருக்க மாட்டான். பாதி நேரம் தூங்கியிருப்பார், அது வேறு விஷயம்.

அக்கா மட்டும் உட்கார மாட்டார். பின்சுவரில் சாய்ந்து நின்று, சின்ன நோட்டில் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் சும்மா இருக்காமல், "அக்கா, இன்னிக்கு என்ன பேசினாங்க?" என்று கேட்டேன். "எழுபத்திரண்டு" என்றார்.

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில், விட்டில் பூச்சிகளைப் பற்றிப் பேச எங்கிருந்தோ ஒருவர் வந்தார். ஆயிரம் பேர் வருவார்கள் என்று துறைக்காரர்கள் சொன்னதை நம்பி, அறுநூறு நாற்காலி போட்ட பெரிய அரங்கத்தை அக்கா ஒதுக்கினார். நேரமாகியும் ஒரு ஈ காக்கை வரவில்லை. அக்கா, நான், மழைக்கு ஒதுங்கிய ஓர் அம்மா, இவ்வளவுதான் சபை. அந்த மனிதர் முழுசாக ஒரு மணி நேரம் பேசினார், அந்த வெறும் நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தும் காட்டினார். கடைசியில் "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்டபோது அக்கா திரைக்குப் பின்னால் போய் அழுதுகொண்டிருந்தார். அன்றிலிருந்துதான் இந்த வகுத்தல் எல்லாம். "காலி நாற்காலி மாதிரி ஒரு மனுஷனைக் கேவலப்படுத்தறது வேற எதுவும் இல்ல" என்பது அவர் கட்சி. பத்தொன்பது வருஷமாக ஒருவரையும் அவர் அப்படி விடவில்லை. அதில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு, வெளியே காட்டிக்கொள்வதில்லை.

இப்போது மருமகள் கதைக்கு வருகிறேன். அக்காவின் மகன் பல்கலைக்கழக பஸ் ஓட்டுகிறான். கணிதத் துறையில் பாடம் நடத்தப் புதிதாக வந்த ஒரு பெண், தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து, பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துக்கொண்டே வந்தாள். மேலிடத்தில் புகார் கொடுக்கப்போகிறாள் என்று பயந்துபோய் இவன் பேச்சுக் கொடுத்தான். பேச்சு கல்யாணத்தில் முடிந்தது. படித்த பெண், வீட்டில் எப்படி ஒட்டுமோ என்று எங்களுக்கெல்லாம் கவலை. அதெல்லாம் வீண் கவலை. மாமியாரும் மருமகளும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள், போன மாதம் வரை.

போன மாதம் திறந்த வாரம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வளாகத்துக்குள் வந்து எல்லாவற்றையும் பார்க்கலாம், கேட்கலாம். மருமகளும் ஒரு படிவம் கொடுத்தாள். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கேட்காமல், முறையாக அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நின்று கொடுத்தாள். தலைப்பு: 'பக்கத்து வரிசை ஏன் எப்போதும் வேகமாக நகர்கிறது?' நாள்: வியாழன், மாலை நான்கு. எதிர்பார்க்கும் கூட்டம்: ஐந்நூறு. கேட்கும் இடம்: பெரிய அரங்கம்.

அக்கா ஐந்நூறை மூன்றால் வகுத்தார். பேசுபவர் சின்னப் பெண், யாருக்கும் தெரியாது என்று அதில் பாதியாக்கினார். விஷயம் கணக்கு, கணக்கு என்றாலே ஜனங்கள் காத தூரம் ஓடுவார்கள் என்று அதையும் பாதியாக்கினார். மிச்சம் வந்தது நாற்பது சொச்சம். மூன்றாம் மாடியில், பழைய அலமாரிகளுக்கு நடுவே நாற்பது நாற்காலி போட்ட அறை ஒன்று இருக்கிறது. அதை எழுதினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வியாழன் நான்கு மணிக்குப் பெரிய அரங்கம் காலியாகவே இருந்தது. தாளில் அது வெறுமையாகத் தெரிந்தால் மருமகள் கேட்பாளே என்று, அந்த இடத்தில் 'பராமரிப்பு' என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை நான் நூலகத்து வாசலில் ஏணிமேல் நின்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் மஞ்சள் தாளைப் படித்துவிட்டு ஏணிக்கு அடியில் வந்து நின்றாள்.

"அண்ணே, வியாழக்கிழமை பெரிய அரங்கத்துல என்ன பராமரிப்பு?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பராமரிப்பா? எவன் சொன்னான்? முந்தாநாள்தான் எல்லா ஸ்பீக்கரையும் தட்டிப் பாத்தேன். கணீர்னு இருக்கு" என்றேன்.

சொல்லி முடித்துவிட்டுத்தான் கீழே பார்த்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இறங்கித் தாளைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு அக்காவின் மகன் என்னிடம் வந்தான். இரண்டு நாளாகத் தூங்காதவன் மாதிரி இருந்தான்.

"அண்ணே, ரெண்டு பேரும் என்கிட்டதான் பேசறாங்க. 'கேஸ் தீந்துபோச்சுன்னு உங்க அம்மாகிட்ட சொல்லுங்க'ங்கறா. அம்மா அடுப்புக்கிட்டயே நிக்கறாங்க. 'கேட்டுச்சுன்னு சொல்லுடா'ங்கறாங்க. நான் என்ன தந்தி ஆபீஸா?"

வளாகம் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டது. படித்த மருமகள் மேடை ஏறினால் மாமியாருக்குப் பொறுக்குமா, காட்டிவிட்டாள் பார் தன் வேலையை என்று கேன்டீனில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். இது அக்கா காதுக்கும் போயிற்று. மனுஷி ஆடிப்போய்விட்டார். அன்று காலை கொடுத்த டீ மேஜையில் ஆடை கட்டிப்போய் இருந்தது.

அன்று மதியம் அக்காவின் அறையில் பிளக் சரியில்லை என்று நான் மேஜைக்கு அடியில் குனிந்திருந்தேன். மருமகள் உள்ளே வந்தாள். நான் இருப்பது தெரிந்துதான் பேசினாள் என்று நினைக்கிறேன். என் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, ரூம் சின்னதா இருக்குன்னு எனக்கு வருத்தம் இல்ல. ஏன் பொய் எழுதினீங்க?"

அக்கா மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். "உன் நல்லதுக்குத்தாம்மா."

"யாரும் வரமாட்டாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"நான் பாத்திருக்கேம்மா. அந்த ஹால்ல, அறுநூறு காலி நாற்காலி முன்னாடி ஒருத்தர் நின்னதை என் கண்ணால பாத்திருக்கேன். அந்த இடத்துல உன்னை நிக்க வெச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒரு வருஷமா பேங்க், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட்னு எல்லா வரிசையிலயும் நான் கடிகாரத்தோட நின்னிருக்கேன். நிக்கறவங்க எல்லாரும் 'என்னம்மா எழுதறே'ன்னு கேப்பாங்க. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், திறந்த வாரத்துல வாங்க, உங்களுக்குத்தான் பதில் சொல்லப்போறேன்னு. ஐந்நூறுங்கறது நான் வாய்க்கு வந்ததைச் சொன்னது இல்ல. சரி, ஒருத்தரும் வரலைன்னே வெச்சுக்குவோம். காலி நாற்காலியப் பாத்து நான் பேசிட்டுப் போறேன். நீங்க என்னை நம்பலைங்கறதத்தான் என்னால தாங்க முடியல."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேஜைக்கு அடியில் மூச்சுக்கூட விடாமல் இருந்தேன்.

"பெரிய அரங்கத்தையே மாத்தி எழுதறேன்" என்றார் அக்கா கடைசியில்.

"ஆனா ஆள் பிடிக்கக் கூடாது. கேன்டீன் அண்ணன், தோட்டக்காரர், ஒருத்தரையும் உக்கார வைக்கக் கூடாது. வர்றவங்க தானா வரணும்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமாடி!"

அந்த 'டி'யைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அச்சாகி ஏறிய மஞ்சள் தாளில் அக்கா கைவைத்ததே கிடையாது. துணைவேந்தரே கேட்டபோதும் "அடுத்த வாரம் பாக்கலாம் சார்" என்று அனுப்பிவைத்தவர். புதன் காலை அவரே இருபத்தாறு வெள்ளைத் துண்டுகளைக் கத்தரித்து, மருமகளின் உரைத் தலைப்பை எழுதி எடுத்துக்கொண்டு, பலகை பலகையாகப் போய் 'பராமரிப்பு' மேல் ஒட்டினார். பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான்தான். ஏணியில் வாயைக் கொடுத்ததற்கு எனக்கு அந்தத் தண்டனை போதாது.

வியாழன் மதியமே அக்கா அரங்கத்துக்கு வந்துவிட்டார். நாற்காலிகளை ஒருமுறை தடவிப் பார்த்தார். படையைக் கூப்பிடக் கூடாது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. கை சும்மா இருக்கவில்லை. வந்தவர்கள் எண்ணிக்கையைப் பிறகு எவனும் குறைத்துப் பேசிவிடக் கூடாது என்று, கீழ்வாசலில் ஒரு மேஜையும் வருகைப் பதிவேடும் போடச் சொன்னார். அங்கே காவலுக்கு நின்றவர் மீசைக்காரர். "ஒருத்தர் விடாம எழுதி வாங்குங்க. எழுதாம யாரையும் உள்ள விடாதீங்க" என்று அவரிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு மேலே வந்தார்.

மூன்று ஐம்பதுக்கு அரங்கத்தில் ஒன்பது பேர். மூன்று ஐம்பத்தைந்துக்குப் பதினொரு பேர், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேடைக்குப் பக்கத்து அறையில் மருமகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கை ஐந்தாவது தடவையாகச் சோதித்தேன். சோதிக்க ஒன்றும் இல்லை, சும்மா நிற்க முடியவில்லை, அதற்காக.

நான்கு மணி. அதே பதினொரு பேர்.

அக்கா பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நோட்டை மூடிக் கைப்பையில் போட்டார். நடுப்பாதை வழியாக, அத்தனை வரிசையையும் தாண்டி நடந்து வந்து, முதல் வரிசையில் மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அரங்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி நிமிர்ந்து சிரித்தார்.

மருமகள் மேடைக்கு வந்தாள். அரங்கத்தைப் பார்த்தாள், பிறகு முதல் வரிசையைப் பார்த்தாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்று கணீரென்று ஆரம்பித்தாள். குரல் ஒரு துளி பிசகவில்லை.

அந்த நேரத்தில் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு கேன்டீன்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தார்.

"அக்கா, திட்டாதீங்க, நான் உக்கார வரல! கீழ வந்து பாருங்க, வாசல்ல ஒரே சண்டை!"

அக்கா ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். கீழ்வாசலுக்குப் போய்ப் பார்த்தால், படிக்கட்டிலிருந்து ஒரு வரிசை. சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டி, நூலகத்தைச் சுற்றிக்கொண்டு, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போயிருந்தது. சீருடையோடு நர்சுகள், பேங்க் ஊழியர்கள், கடைக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த அம்மாக்கள். வரிசையின் முகப்பில் ஒரே ஒரு மேஜை, ஒரே ஒரு பதிவேடு, நூலில் கட்டிய ஒரே ஒரு பேனா. பெயர், முகவரி, தொலைபேசி எண், தொழில், வந்த நோக்கம், கையெழுத்து என்று ஆறு கட்டம். ஒவ்வொருவர் எழுதியதையும் மீசைக்காரர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரியவரிடம், "வந்த நோக்கம்னு இருக்கு பாருங்க, 'சும்மா'ன்னு எழுதினா எப்படி?" என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றீங்க!" என்று அக்கா கத்தினார்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, எழுதாம ஒருத்தரையும் விடாதேன்னு? கண்ல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துட்டு இருக்கேன்" என்றார் மீசைக்காரர் பெருமையாக.

அக்கா பதிவேட்டைப் பிடுங்கினார். பேனா நூலோடு அறுந்துகொண்டு வந்தது. "எல்லாக் கதவையும் திறங்க! யாரும் ஒண்ணும் எழுத வேண்டாம், உள்ள போங்க, போங்க!" என்று குரல் கொடுத்தார். மடை திறந்த மாதிரி ஜனங்கள் உள்ளே போனார்கள். நான் முந்திக்கொண்டு மேலே ஓடி ஒலியைக் கூட்டினேன். பத்து நிமிடத்தில் உட்கார இடம் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவர் கண் விழித்துப் பார்த்துத் திகைத்துப்போனார். அக்காவின் முதல் வரிசை இடத்தை யாரோ பிடிக்கப் பார்த்தார்கள். நான் மைக் பெட்டியை அதில் வைத்து மறித்துக்கொண்டேன்.

மருமகளுக்குக் கண் பளபளத்தது. ஆனால் கெட்டிக்காரி. தயாரித்து வந்த முதல் பக்கத்தை மடித்து வைத்துவிட்டாள்.

"கீழ எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"இருபத்தஞ்சு நிமிஷம்!" என்று பத்துக் குரல்கள்.

"பாதியில ஏன் திரும்பிப் போகல? அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்."

அரங்கம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் கையில்தான் எல்லோரும் இருந்தார்கள். இரண்டு வரிசை இருந்தால் நாம் நிற்கிற வரிசை மட்டும் ஏன் நகராத மாதிரி தோன்றுகிறது, ஒரே வரிசையாக நிறுத்தி நாலு கவுன்ட்டர் போட்டால் எவ்வளவு நேரம் மிச்சம் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினாள். எனக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா ஒரு தலையைக்கூட எண்ணவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரம் வந்தது. நடுப்பாதையில் ஒரு மைக் வைத்தேன். கேட்க நினைத்தவர்கள் அதன் பின்னால் வரிசை கட்டினார்கள். ஏழெட்டுப் பேருக்குப் பின்னால், கையில் அந்தப் பதிவேட்டை அணைத்தபடி அக்காவும் போய் நின்றார். யாரோ வழிவிடப் பார்த்தார்கள். "வேண்டாம், முறையா வர்றேன்" என்று மறுத்துவிட்டார். கால் மணி நேரம் நின்றார்.

அவர் முறை வந்தபோது மைக்கை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். கேன்டீன் கூட்டம் முழுவதும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் இவளோட மாமியார்" என்றார். "இந்த ஹாலுக்குப் பராமரிப்புன்னு பொய் எழுதி, இவளை மூணாவது மாடிக்கு அனுப்பினது நான்தான். பொறாமையில பண்ணினேன்னு வெளிய பேசிக்கறாங்க. பொறாமை இல்லீங்க, பயம். இவளை நான் நம்பாமப் போயிட்டேன். அது என் தப்பு."

மருமகள் மேடை விளிம்புக்கு வந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்த முகம்.

"அத்தை, இது கேள்வி இல்லையே. பின்னாடி வரிசை நிக்குது. சீக்கிரம் கேள்வி கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"அடுத்த வருஷம் பேசினா எத்தனை பேர் வருவாங்க?"

"ஆயிரம் பேர் வருவாங்க அத்தை" என்றாள் மருமகள், விளையாட்டாகத்தான்.

அக்கா பதிவேட்டைத் திருப்பி, பின்னட்டையில், நூல் அறுந்த அந்தப் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"ஆயிரம்னா இந்த ஹால் பத்தாதும்மா. மைதானத்தை எழுதிக்கறேன்."